டிமார்க்: நன், குவாரன்டைன், ரிஜெக்ட் – எதை வைப்பது?

உங்கள் நிறுவனத்தின் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்ப உங்கள் பாஸ்வேர்டு யாருக்கும் தேவையில்லை. மின்னஞ்சலின் அனுப்புநர் வரியில் எந்த முகவரியையும் போட்டுக்கொள்ளலாம். எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) வைத்திருக்கிறோமே, போதாதா என்றால், போதாது. அது பார்ப்பது சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முகவரியைத்தான். படிப்பவர் கண்ணில் படும் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயிலில் டொமைனின் பெயரில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) தேறிய டொமைனும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க். ஒத்துப்போகாத மெயிலை என்ன செய்யலாம் என்று சொல்வதுதான் நன் (ஒன்றும் செய்யாதே), குவாரன்டைன் (ஸ்பேமில் போடு), ரிஜெக்ட் (ஏற்காதே) என்ற இந்த மூன்று கொள்கைகளும்.

நன் எதையும் தடுக்காது. அறிக்கை முகவரி கொடுத்திருந்தால் தினமும் தகவல் வரும், அவ்வளவுதான். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புவோர் இதையாவது வைக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதித்தது. பலர் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆனால் அந்த அறிக்கைதான் புதையல். எந்த ஐபியிலிருந்து எத்தனை மெயில், எது தேறியது, எது தேறவில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎஃப் தேறியிருக்கும், ஆனால் அந்த மென்பொருள் நிறுவனத்தின் டொமைனுக்கு, உங்களுடையதற்கு அல்ல. உங்கள் டொமைனின் டிகிம் கையொப்பத்தை அதில் போட்டுச் சரிசெய்யாமல் ரிஜெக்டுக்குத் தாவினால் ஊழியர்களுக்குச் சீட்டு போய்ச் சேராது.

குவாரன்டைன் பத்திரமான நடுவழி போலத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் சொந்த மெயிலே ஸ்பேமில் விழுந்தால் அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. ரிஜெக்டிலோ பொதுவாக மெயில் பிழைச் செய்தியோடு திரும்பி வரும், உடனே கவனிக்கலாம். ஓரிரு வாரம் சோதித்துப் பார்க்க குவாரன்டைன் சரி, தங்கிவிடக் கூடாது.

ரிஜெக்டுக்கும் விலை உண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ இதற்கு மாறியபோது மெயிலிங் லிஸ்ட்கள் (ஒருவர் எழுதுவதை உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பும் குழு முகவரிகள்) தடுமாறின. தலைப்பிலோ அடியிலோ லிஸ்ட் ஒரு வரி சேர்த்தாலே டிகிம் உடைந்துவிடும். அனுப்புவது லிஸ்டின் சர்வர் என்பதால் எஸ்பிஎஃப்பும் கைகொடுக்காது. ஊழியர்கள் லிஸ்ட்களில் எழுதுகிறார்கள் என்றால் அதற்குத் தனி டொமைன் கொடுங்கள். அப்படியும் அமெரிக்க அரசு 2017 அக்டோபரில் தன் ஃபெடரல் துறைகளை ஒரே ஆண்டுக்குள் ரிஜெக்டுக்கு வரச் சொன்னது.

அப்புறம், வாங்கிப் போட்டு மெயிலே அனுப்பாத டொமைன்கள் இருக்குமே, அவற்றுக்கு யோசனையே வேண்டாம். யாரும் அனுப்ப அனுமதியில்லை என்று எஸ்பிஎஃப்பில் எழுதி, இன்றே ரிஜெக்ட் வைத்துவிடுங்கள்.