டிஎம்பிஓ வாங்குவதா, பிஎம்பிஓ வாங்குவதா?

டைட்டானியம் டைஆக்சைடு மேல் புறஊதா ஒளி பட்டால் நீரில் ஹைட்ராக்சில், சூப்பர் ஆக்சைடு ரேடிக்கல்கள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, சட்டென வினைபுரியும் துகள்கள்) பிறக்கின்றன. இணையற்ற எலக்ட்ரான்களைக் கண்டறியும் ஈபிஆர் கருவி பார்ப்பதற்குள் அவை மறைந்துவிடும் என்பதால், அவற்றைப் பிடித்துவைக்க ஒரு பொறி மூலக்கூறு வேண்டும். டிஎம்பிஓ, பிஎம்பிஓ என்ற இரண்டு பொறிகளில் எதை வாங்குவது?

விலை: டிஎம்பிஓ மலிவு. பிஎம்பிஓ கையைக் கடிக்கும்.

பராமரிப்பு: டிஎம்பிஓவை இருட்டில், உறைகுளிரில் வைக்க வேண்டும், மஞ்சளாகிவிட்டால் கரித்தூள் போட்டு வடிகட்டியாக வேண்டும். பிஎம்பிஓ திடப்பொருள், தொல்லை குறைவு.

ஹைட்ராக்சில்: டிஎம்பிஓவில் ஈபிஆர் நிறமாலையில் 1:2:2:1 உயரத்தில் நான்கு கோடுகள், இடைவெளி சுமார் 15 காஸ் (காந்தப்புல அலகு). பார்த்ததும் தெரியும். இதற்குப் பிஎம்பிஓ அவசியமே இல்லை.

சூப்பர் ஆக்சைடு: சிக்கல் இங்கேதான். டிஎம்பிஓ பிடித்த சூப்பர் ஆக்சைடு நீரில் ஒரு நிமிடம் தாங்கினாலே பெரிது. சிதைந்து அதே நான்கு கோடுகளைத் தந்துவிடும். ஹைட்ராக்சில் என்று நம்பி எழுதினால் முடிவே தலைகீழ். பிஎம்பிஓவில் பொறியும் சூப்பர் ஆக்சைடும் சேர்ந்த கூட்டுப்பொருள் பல நிமிடங்கள் நிற்கும், நிதானமாக அளக்கலாம்.

ஹைட்ராக்சில் மட்டும் போதுமென்றால் டிஎம்பிஓ. கூடவே டிஎம்எஸ்ஓ (ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்து மெத்தில் ரேடிக்கலைத் தரும் கரைப்பான்) சேர்த்து ஒரு சோதனை ஓட்டுங்கள். உண்மையான ஹைட்ராக்சில் என்றால் நான்கு கோடுகள் தேய்ந்து, மெத்தில் ரேடிக்கலின் ஆறு கோடுகள் எழும். சூப்பர் ஆக்சைடுதான் கேள்வி என்றால் செலவைப் பார்க்காமல் பிஎம்பிஓ வாங்குங்கள்.