கடைக் கணக்கை அலசி லாபம் காட்டுகிறோம் என்று வந்தவர்களிடம் 85,000 ரூபாய் போய்விட்டது. சிறு வியாபாரிகள் கவனத்துக்கு

ஈரோடு பக்கத்தில் சின்னதாக மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டி விற்கிறோம், நானும் என் தம்பியும். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், அடங்குவதாக இல்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

விற்பனைக் கணக்கை எடுத்து அலசி, எதில் லாபம், எதில் நட்டம், கடை நாலு வருஷம் தாண்டி நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவதாக ஒரு டேட்டா அனலிட்டிக்ஸ் கம்பெனி எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கியது. சொன்ன வேலை நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் செக்கில் அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவர் மேல் திருட்டுப் பழி போட்டுவிட்டுப் போனார்கள். கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் போடவில்லை. கோவையில் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு, வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘சிறு தொழிலுக்கு டேட்டா பலம்’ என்கிற மாதிரி விளம்பரம் போடும் ரகம். பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

எங்களுக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். 2025ஆம் வருஷம் எண்ணெய் ஆட்டுகிறவர்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோ 116 ரூபாய்கூட வராது. ஆனால் வருஷ நடுவில் சந்தையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஓடியது. இன்றைக்கு விற்ற தேங்காய் எண்ணெய்க் காசில் நாளைக்கு அதே அளவு கொப்பரை வாங்க முடியவில்லை. கடையில் கூட்டம் இருக்கிறது, பெட்டியில் காசு இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்கள்.

முதலில் வந்த பையன் நன்றாகப் படித்தவன், மரியாதையானவன். கடைக்குள் வந்ததும் அம்மாவைக் கும்பிட்டான். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “ஒரு மாச பில்லு மட்டும் குடுங்கக்கா, காசு வேண்டாம், பாத்துட்டுச் சொல்றேன்” என்றான். கொடுத்தோம். திரும்பி வந்தபோது டேப்லெட்டில் எங்கள் விற்பனையைக் கோடு கோடாகப் போட்டுக் காட்டினான். சனிக்கிழமை நல்லெண்ணெய் ஏறுவதும் அமாவாசைக்கு முந்தின நாள் விளக்கெண்ணெய் ஏறுவதும் எங்களுக்கே தெரியும். ஆனால் அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் நாங்கள் நம்பினோம். மாசக் கடைசி வாரத்தில் ஒரு லிட்டர் பாட்டில் இறங்கி, அரை லிட்டர் பாட்டில் ஏறுகிறது என்றான். “சம்பளம் தீர்ந்த வாரங்க்கா. அப்ப உங்ககிட்ட அரை லிட்டர் தீந்து போயிருந்தா அவங்க பாக்கெட் எண்ணெய்க்குப் போயிருவாங்க. அந்த வாரத்துக்கு அரை லிட்டர் கூடுதலா நிரப்பி வைங்க.”

செய்து பார்த்தோம், சரியாக இருந்தது. அரை லிட்டர் தீர்ந்துபோய்த் திரும்பிப் போகிறவர்கள் அந்த மாசம் குறைந்தார்கள். இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாத ஒன்றை வெறும் பில்லை வைத்து ஒருவன் சொல்கிறான் என்றால் நம்பாமல் என்ன செய்வது? அம்மா ‘பையன் விவரமானவன், குடுங்க’ என்றார். முதலில் 50,000, கணக்கெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு 35,000. மொத்தம் 85,000 ரூபாய். அதில் கொஞ்சம் அடுத்த லோடு எள்ளுக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

பணம் போய்ச் சேர்ந்த அன்றோடு அந்தப் பையனைக் காணோம். ‘அவர் வேற புராஜெக்ட் போய்ட்டாருங்க மேடம், டீம் பாத்துக்கும்’ என்றார்கள். அந்த டீமில் ஒருத்தர்கூடக் கடைக்கு வரவில்லை, செக்கைப் பார்க்கவில்லை. மூன்று வருஷ பில், கொள்முதல் நோட்டு, வாடிக்கையாளர் போன் நம்பர் பட்டியல் எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றச் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் அறிக்கை வந்தது. கலர் கலராக வட்டம், கம்பம், அம்புக்குறி. பார்க்க அழகாக இருந்தது. நானும் தம்பியும் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம்.

முதல் விஷயம், கடலை எண்ணெய் நட்டத்தில் ஓடுகிறது, நிறுத்திவிடலாம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகும். அதில் ஒன்றரை கிலோ போலப் புண்ணாக்கு நிற்கும். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் மாடு வைத்திருப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். அந்தக் காசையும் சேர்த்துத்தான் கடலை எண்ணெய்க்கு விலை வைக்கிறோம். இவர்களோ பருப்புச் செலவு முழுவதையும் எண்ணெய் தலையில் எழுதிவிட்டு, புண்ணாக்கு வரவைத் தனியாக ‘இதர வருமானம்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். எண்ணெய் ஆட்டினால் புண்ணாக்கு வரும் என்பதுகூடத் தெரியாதவர்கள் எண்ணெய்க் கடைக்கு ஆலோசனை சொல்கிறார்கள்.

அடுத்து தேங்காய் எண்ணெய். நல்ல லாபம், தள்ளுபடி போட்டு விற்பனையைக் கூட்டுங்கள் என்று ஆலோசனை. எப்படி லாபம் வந்தது என்றால் கொப்பரைக்கு முழு வருஷ சராசரி விலையைப் போட்டிருக்கிறார்கள். விலை ஏறிக்கொண்டே போன வருஷத்தில் சராசரி எதற்கு ஆகும்? அடுத்த மூட்டை என்ன விலைக்கு வாங்கப் போகிறேன் என்பதுதான் கணக்கு. அவர்கள் பேச்சைக் கேட்டுத் தள்ளுபடி போட்டிருந்தால் கடையை மூடியிருப்போம். நாங்கள் நிலைத்து நிற்கத்தானே 85,000 ரூபாய் கொடுத்தோம்?

மூன்றாவதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. ‘இருப்பு இழப்பு தொடர்ச்சியாக உள்ளது, பணியாளர் கண்காணிப்பு தேவை’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம். டின் எண்ணெய் விற்கும் நாளில் எல்லாம் எண்ணெய் குறைகிறதாம். காரணம் என்ன தெரியுமா? ஆட்டிய எண்ணெயை நாங்கள் லிட்டரில் எழுதுவோம். ஓட்டலுக்குப் போகும் டின் 15 கிலோ. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும். ஆக 15 கிலோ என்பது 16 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய பதினாறரை லிட்டர். இவர்கள் 15 கிலோவை 15 லிட்டர் என்று எடுத்துக்கொண்டு, டின்னுக்கு ஒன்றரை லிட்டர் காணாமல் போகிறது என்று எழுதிவிட்டார்கள். கிலோவா லிட்டரா என்று ஒரு வார்த்தை, போனில் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

தம்பிக்கு அன்று ராத்திரி அது பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. செக்கு ஓட்டும் பெரியவரிடம் டின் நிரப்புவதைப் பற்றித் தம்பி சும்மா விசாரித்திருக்கிறான். அவர் புரிந்துகொண்டார். மறுநாள் என்னிடம் வந்து, “ஏங்கண்ணு, கம்ப்யூட்டர்ல எம்பேரு வந்துருக்காமா?” என்று கேட்டார். அப்பா இறந்த வருஷம் சம்பளம் பாதியாக வாங்கிக்கொண்டு செக்கை ஓட்டியவர் அவர். என்ன பதில் சொல்வது நான்? அளவுக் குழப்பம்தான் காரணம் என்று கண்டுபிடித்ததும் அவரை உட்காரவைத்து, தராசில் டின்னை வைத்து, லிட்டர் படியில் ஊற்றி, எல்லோர் முன்னாலும் காட்டினோம். அவர் ‘சரி கண்ணு’ என்று எழுந்து போய்விட்டார். முன்பு மாதிரி பேசுவதில்லை. 85,000 ரூபாயை விட இது எனக்குப் பெரிய நட்டம்.

இன்னொன்று. அறிக்கையின் நடுவில் ஒரு பக்கத்தில் தேங்காய் பன், பிளம் கேக் விற்பனை இருந்தது. யாரோ ஒரு பேக்கரியின் கணக்கு! அவர்கள் கணக்கு என் கைக்கு வருகிறது என்றால் என் கணக்கு யார் கையில் இருக்கிறது? என் வாடிக்கையாளர் நம்பர்கள் யாரிடம் இருக்கின்றன? கொஞ்ச நாளாகவே எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர், வேறு ஒரு எண்ணெய்க் கம்பெனியிலிருந்து மெசேஜ் வருகிறது என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தூக்கம் வரவில்லை.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. தவறுகளை வரிசையாக எழுதி அனுப்பினேன். ‘நோட்டட் மேடம்’ என்று பதில். அப்புறம் ‘சர்வர் மாத்திட்டு இருக்கோம்’. அப்புறம் ‘உங்க டேட்டா சுத்தமா இல்ல மேடம், அதான் பிரச்சினை’. எங்கள் மேலேயே பழி! டேட்டாவைச் சுத்தம் செய்யக் கூடுதலாகப் பணம் கட்டுங்கள் என்று ஒரு அம்மணி போன் செய்து சொன்னார். மேலாளரைக் கேட்டால் மீட்டிங். மெசேஜுக்கு நீல டிக் விழும், பதில் வராது. தம்பி கோவைக்கே போனான். அது மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடும் பொது ஆபீஸ். அந்தப் பெயரில் இப்போது யாரும் இங்கே இல்லை என்று காவலாளி சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் விளம்பரம் மட்டும் நேற்றும் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ‘மென்பொருள் உரிமக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று இருக்கிறதாம். ஆலோசனைக் கட்டணம் என்று வாய் நிறையச் சொல்லித்தான் வாங்கினார்கள். 85,000 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம் என்றார்கள், அதுவே 13 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். கடைசிவரை முறையான வரி பில் தரவில்லை, வெறும் புரோஃபார்மா, அதாவது தொகையை மட்டும் காட்டும் முன் பில். விற்றவர் கணக்கில் காட்டிய பில்கள் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று ஆடிட்டர் கையை விரித்துவிட்டார். பேக்கேஜில் ‘உத்யம் புதுப்பித்தல்’ என்று 4,500 ரூபாய் வேறு சேர்த்திருக்கிறார்கள். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, 2020 ஜூலையிலிருந்து நடக்கிறது. அரசு தளத்தில் ஆதார், பான் வைத்து நாமே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் தேவையில்லை. இல்லாத வேலைக்கு வாங்கிய பணம் அது.

‘நீங்க பிசினஸ் பண்றவங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது’ என்று மிரட்டலும் வந்தது. சுயதொழில் செய்து பிழைக்கிறவர்கள் என்ற முறையில் வாதாட இடம் இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்தாகிவிட்டது.

கணக்கை அலசுவதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். அதையும் சொல்லியாக வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். செக்கு ஓடுவதைப் பார்த்தாள். பெரியவரிடமே எத்தனை மூட்டைக்கு எத்தனை எண்ணெய், எத்தனை புண்ணாக்கு என்று கேட்டு எழுதினாள். எக்செல்லில் இரண்டே பட்டியல் போட்டாள். ஒன்றில் கொப்பரைக்கும் எள்ளுக்கும் நாங்கள் பணம் கட்டும் தேதி, இன்னொன்றில் ஓட்டல்காரர்கள் டின்னுக்குப் பணம் கொடுக்கும் தேதி. ஏலத்தில் எடுக்கும் சரக்குக்கு உடனே பணம் கட்டுகிறோம், ஓட்டல் பணம் இரண்டு மாசம் தாண்டி வருகிறது. விலை ஏறும் வருஷத்தில் அந்த இடைவெளிதான் எங்கள் பெட்டியைக் காலி செய்திருக்கிறது. சின்னச் சின்ன பாட்டில் விற்பனைதான் எங்களைத் தாங்கியிருக்கிறது. இப்போது இரண்டு ஓட்டலுக்குக் கடனைக் குறைத்துவிட்டோம். உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டம் சொல்வதையும் அவள்தான் சொன்னாள். காசு வாங்க மறுத்துவிட்டாள், இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் கொடுத்து அனுப்பினோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். கடைக்கு வந்து வேலையைப் பார்க்காதவர்களிடம் பில்லைக் கொடுக்காதீர்கள். மாதிரி காட்டிய ஆளேதான் வேலையும் செய்வார் என்று எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளர் பெயர், நம்பரை அழித்துவிட்டு மிச்சக் கணக்கை மட்டும் கொடுங்கள், அலசுவதற்கு அது போதும். கிலோ, லிட்டர், டஜன், பெட்டி எதுவானாலும் அளவைத் தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள். வரி பில் கைக்கு வராமல் இரண்டாவது தவணை கட்டாதீர்கள். உத்யமுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

தேங்காய் பன், பிளம் கேக் விற்கும் அந்த பேக்கரிக்காரர் யாராவது இதைப் படித்தால் கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் கணக்குப் பக்கம் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். நீங்களும் பணம் கட்டியிருந்தால் ரசீது, சாட் எதையும் அழிக்காதீர்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.