பேனர்ல சிபிஎஸ்இ, டிசில வேற ஸ்கூல் பேரு! பெங்களூர்ல அட்மிஷன் போடப்போறவங்க படிங்க

ஸ்கூல் பேர இங்க போடல, புகார் இன்னும் பிஇஓ (வட்டார கல்வி அதிகாரி) ஆபீஸ்ல இருக்கு, வக்கீல் நோட்டீஸ் விடுவோம்னு ஸ்கூல்காரங்க ஒரு தடவ மிரட்டியாச்சு. பொம்மனஹள்ளி ஏரியான்னு மட்டும் வச்சுக்கோங்க.

நாங்க ஆம்பூர்லேந்து வந்தவங்க, வீட்டுக்காரருக்கு பொம்மசந்திரால கம்பெனி வேல. 2023 ஜூன்ல பொண்ண ஒன்னாவது சேத்தோம். வாசல்ல பெரிய பேனர், சிபிஎஸ்இ, ஸ்மார்ட் கிளாஸ், இருபது பசங்களுக்கு ஒரு டீச்சர். ஃபீஸ் 68,000, அதுக்கு மேல டெவலப்மெண்ட்னு 25,000 கேஷா வாங்கினாங்க. ரசீது கேட்டா "இதுக்கெல்லாம் பில் வராது மேடம்"னு சிரிச்சாங்க, நானும் அசடு மாதிரி சிரிச்சிட்டு வந்துட்டேன். அந்த மாதிரி டொனேஷன் வாங்கறது 2009 ஆர்டிஇ (கல்வி உரிமை) சட்டப்படியே தப்பு, வாங்கினதுக்கு பத்து மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம்னு ரெண்டு வருஷம் கழிச்சு தான் எனக்கு தெரிஞ்சுது.

முதல் வருஷம் ஒரு கொறையும் கண்ணுக்கு தெரியல. நோட்ட தொறந்தா முத்து முத்தா எழுத்து, பக்கத்துக்கு ஒரு ஸ்டார், வெரி குட் முத்திரை. ஊர்ல எல்லாருக்கும் போட்டோ எடுத்து அனுப்புவேன், அந்த கூத்த இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

ரெண்டாவது படிக்கறப்ப தீபாவளிக்கு மாமனார் வந்திருந்தார். பிஸ்கட் பாக்கெட்ட காட்டி இதுல என்னம்மா எழுதியிருக்குன்னு கேட்டார், மில்க்னு பெருசா போட்டிருக்கு, இவ படத்த பாத்துட்டு "பிஸ்கட்"ங்கறா. அவர் ஒன்னும் சொல்லல, என்ன ஒரு பார்வ பாத்தார், அவ்வளவு தான். ராத்திரி இங்கிலீஷ் புக்க எடுத்து படிக்க சொன்னேன், கடகடன்னு ஒரு பக்கத்தையும் ஒப்பிச்சிட்டா. சரி, இதுல ஹவுஸ் எங்க இருக்கு காட்டுன்னேன். விரல முதல் வார்த்தைல வச்சு "திஸ் இஸ் மை ஹவுஸ்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நகத்திட்டு போறா, எங்கயோ ஒரு வார்த்தை தவறிப்போய் விரல் "மை"ல போய் நின்னுச்சு. இதாம்மான்னு என்ன பாத்தா. படத்த கையால மூடினா ஒரு வரி வரல. ரெண்டு வருஷமா போர்ட பாத்து படம் வரையற மாதிரி எழுத்த வரைஞ்சிருக்கா, வராதத மிஸ்ஸே பென்சில்ல எழுதி குடுத்து இவ மேல ஓட்டியிருக்கா, முத்து எழுத்து அப்படி வந்தது தான்.

மறுநாளே லீவு போட்டுட்டு போய் நின்னேன், பேரண்ட்ஸ் மேல வர பர்மிஷன் இல்லன்னாங்க, நானும் விடாம ஏறிட்டேன். ஒன்னாவதையும் ரெண்டாவதையும் ஒரே ரூம்ல உக்கார வச்சிருக்காங்க, நானே எண்ணினேன், 51 பசங்க, ஒரே ஒரு மிஸ். பிரைமரிக்கு 30 பசங்களுக்கு ஒரு டீச்சர்ங்கறது சட்டத்துலயே இருக்கற கணக்கு. பாவம் அந்த பொண்ணையும் திட்ட மனசு வரல, அந்த வருஷத்துல வந்த நாலாவது மிஸ் அவங்க, சம்பளம் ரெண்டு மாசமா வரலன்னு என்கிட்டயே கொறப்பட்டாங்க.

இதெல்லாம் கூட போகட்டும், என்னால தாங்க முடியாதது வாட்டர் பாட்டில் விஷயம். தெனமும் காலைல ரொப்பி குடுக்கற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும், வெளயாட்டு புத்தின்னு நானும் திட்டிட்டு விட்டுடுவேன். டிசம்பர்ல யூரின் இன்ஃபெக்ஷன், ஜுரம், மூனு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் இவகிட்ட தனியா பேச்சு குடுத்தப்ப தான் விஷயம் வெளிய வந்துச்சு. "பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பா இல்ல ஆன்ட்டி, பசங்க தள்ளிடுவாங்க, தண்ணி குடிக்கலன்னா போக வேணாம்ல"ன்னாளாம். ஆறு வயசு குழந்த இவ்வளவு யோசிச்சு வச்சிருக்கா, எனக்கு பாட்டில பாத்தும் புரியல. பிரின்சிபால்கிட்ட சொன்னா, "உங்க பொண்ணு கொஞ்சம் சென்சிடிவ் மேடம்".

டிசி கேட்டோம், அடுத்த வருஷ ஃபீஸ்ல பாதி கட்டினா தான்னாங்க. வீட்டுக்காரர் ரெண்டு வாரம் அலைஞ்சு, கடைசில எழுத்துல குடுங்க பிஇஓகிட்ட காட்டறேன்னதும் மறுநாள் வாங்கிக்க சொன்னாங்க. வாங்கி பாத்தா அதுல வேற ஒரு ஸ்கூல் பேரு! நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கற, என் பொண்ணு வாசப்படி கூட மிதிக்காத ஸ்கூல். நாங்க ஃபீஸ் கட்டின ஸ்கூலுக்கு எல்கேஜி, யூகேஜிக்கு மேல அனுமதியே இல்லயாம், ஒன்னாவதுக்கு மேல பசங்கள எல்லாம் அந்த ஸ்டேட் சிலபஸ் ஸ்கூல் கணக்குல ஏத்தி விட்டுருக்காங்க. சிபிஎஸ்இங்கறதே பொய். கர்நாடகால ஒவ்வொரு குழந்தைக்கும் சாட்ஸ் நம்பர்னு ஒன்னு இருக்கு, எந்த ஸ்கூல்ல படிக்கறான்னு அதுல பதிவாகும், அத ஒரு தடவ கேட்டு பாத்திருந்தா முதல் வருஷமே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி யூடைஸ் கோட கேளுங்க, ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அரசாங்கம் குடுக்கற 11 இலக்க நம்பர் அது, கர்நாடகா ஸ்கூல்னா 29ல ஆரம்பிக்கும், அத யூடைஸ் சைட்ல போட்டு வர்ற பேரும் வாசல்ல இருக்கற பேரும் ஒன்னான்னு பாருங்க. சிபிஎஸ்இன்னு சொன்னா அஃபிலியேஷன் நம்பர கேட்டு போர்டு சைட்லயே தேடிப்பாருங்க, "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்"னு சொன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க. பாத்ரூம காட்ட சொல்லுங்க, கூச்சமே படாதீங்க.

அனுமதி இல்லாம ஸ்கூல் நடத்தினா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், அதுக்கப்புறமும் நடத்தினா நாளைக்கு பத்தாயிரம்னு சட்டத்துல இருக்கு. இருக்கு, அவ்வளவு தான். பிஇஓ ஆபீஸ்ல நான் போறப்பல்லாம் "நாளெ பன்னி", கன்னடத்துல நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். பேய் வராம இருக்க இந்த ஊர்ல ஒரு காலத்துல கதவுல "நாளே பா" (நாளைக்கு வா)ன்னு எழுதி வைப்பாங்களாம், அந்த கிளார்க் கண்ணுக்கு நான் தான் பேய் போல. நாலாவது தடவ புகார ரெண்டு காப்பி எடுத்துட்டு போய், ஒன்னுல சீல் போட்டு குடுத்தா தான் நகருவேன்னு நின்னப்புறம் தான் ஸ்கூலுக்கு நோட்டீஸ் போச்சு. 25,000 வரல, ரசீது இல்லாத காசு, வரவும் வராது.

இப்ப ஒரு எய்டட் ஸ்கூல்ல சேத்திருக்கோம். பழைய கட்டடம், ஸ்மார்ட் கிளாஸ்லாம் இல்ல. மிஸ் முதல் வாரமே கூப்பிட்டு, மூனாவது புக் வேணாம், ஏபிசி சத்தத்துலேந்து திரும்ப ஆரம்பிப்போம்னு நேராவே சொல்லிட்டாங்க. பாட்டில் காலியா வருது.

நேத்து அந்த பக்கம் ஆட்டோல போனேன். அதே பேனர், அட்மிஷன் ஓப்பன். சிபிஎஸ்இ பக்கத்துல கொசு மாதிரி எழுத்துல "பேட்டர்ன்"னு புதுசா சேத்திருக்காங்க.