முன்பு முகாமிட்டவர்கள் விட்டுப்போனவை: எரிப்பதா, புதைப்பதா, விட்டுவைப்பதா, தூக்கிவருவதா?

நாள் முழுக்கத் துடுப்புப் போட்டு, கனூ என்ற இலேசான துடுப்புப் படகைக் கரையேற்றி நிமிர்ந்தால், மரக்கிளையில் கிழிந்த நீலத் தார்ப்பாய் ஒன்று தொங்குகிறது. கீழே கால் ஒடிந்த மடக்கு நாற்காலி, அடுப்புச் சாம்பலில் பாதி கருகிய உணவுப் பொட்டலம். அமெரிக்காவில் மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ், கனடாவில் ஒன்டாரியோவின் அல்கான்குயின் போன்ற ஏரிக்காடுகளுக்குப் போகிறவர்களுக்கு இது புதுக் காட்சி இல்லை. இரண்டு இடத்திலும் தகர டப்பாவையும் கண்ணாடிப் பாட்டிலையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஆனால் அந்தத் தடை உணவும் பானமும் வரும் டப்பா, பாட்டில்களுக்குத்தான். தார்ப்பாயும் நாற்காலியும் கயிறும் அதில் மாட்டாது. கடைசி நாள் மழையில் நனைந்து கனத்துப்போனதும் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன.

சரி, வந்து சேர்ந்தவர் என்ன செய்வது? நாலு வழி சொல்வார்கள்.

முதலில் எரிப்பது. கையில் நெருப்பு இருக்கிறது, பையில் இடம் இல்லை, அதனால் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது இதுதான். எரித்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டுமா, பழைய அடுப்புச் சாம்பலை ஒரு குச்சியால் கிளறுங்கள். வட்ட வட்டமாகச் சின்னப் பித்தளை வளையங்கள் கிடைக்கும்; யாரோ ஒரு தார்ப்பாயையே எரித்திருக்கிறார், கயிறு கோக்கும் ஓரத்துக் கண்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. பக்கத்தில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி இறுகிய ஒரு கட்டி. அது நைலான் கயிறாக இருந்தது. வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உலர் உணவின் உறை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்கு. பிளாஸ்டிக் புகையாகப் போகும், மெல்லிய வெள்ளித்தாள் தொட்டால் பொடியும் செதிலாக நிற்கும். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். முகாம் நெருப்பில் அங்கங்கே அந்தச் சூடு வரலாம், ஆனால் உருகுவது வேறு, காணாமல் போவது வேறு. செதிலாக நின்றதைப் பொறுக்குவதைவிட முழு உறையை மடித்துப் பைக்குள் வைப்பது சுலபம். புகையில் என்ன கலந்திருக்கிறது என்பது தனிக் கதை, பி.வி.சி. பிளாஸ்டிக் இருந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரை போகும். பவுண்டரி வாட்டர்ஸில் குப்பை எரிப்பதற்கே அனுமதி இல்லை. என் கணக்கில் எரிப்பது குப்பையைக் குறைப்பதில்லை, பொறுக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கிவிடுகிறது.

புதைப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த ஊர் மண் பாறைமேல் போர்த்திய மெல்லிய போர்வை. பல இடத்தில் ஒரு சாண் தோண்டினால் கல் தட்டும். குளிர்காலத்தில் நிலம் உறைந்து விரியும்போது புதைத்ததை மேலே தள்ளிவிடும். அதற்கு முன்பே வாசனை பிடித்துக் கரடியோ நரியோ தோண்டிவிடும். கழிப்பறைக் குழியில் போடுவதும் இதே கதைதான். குழி சீக்கிரம் நிரம்பும், அப்புறம் யாராவது வேறு இடத்தில் தோண்ட வேண்டும்.

மூன்றாவது வழி கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அது நல்ல மனசு வேஷத்தில் வரும். “அடுத்து வருகிறவருக்கு உதவும்” என்று வாணலியை மரத்தில் மாட்டுவது, பாதி எரிவாயு இருக்கும் சிலிண்டரைப் பாறையிடுக்கில் வைப்பது, கயிற்றை மரத்திலேயே கட்டிவிட்டு வருவது. அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் கணக்குப்போட்டுத்தான் கட்டிக்கொண்டு வருகிறார். உங்கள் வாணலியை நம்பி யாரும் வருவதில்லை. அதனால் அது அங்கேயே துருப்பிடிக்கும். கயிறு இன்னும் மோசம். மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி நெரிக்கும். நீலத் தார்ப்பாய் பாலிஎத்திலீன். வெயிலில் நொறுங்கி, முதல் வருடம் ஒரே துண்டாக எடுக்க முடிந்தது சில வருடத்தில் நகத்தளவு செதில்களாக ஏரியில் மிதக்கும். மீதிச் சாப்பாட்டை “யாருக்காவது ஆகும்” என்று வைப்பது கரடிக்கு வைத்த விருந்து. ஒருமுறை முகாமில் தின்று பழகிய கருங்கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் உயிரிழப்பது பெரும்பாலும் அந்தக் கரடிதான். பவுண்டரி வாட்டர்ஸ் விதிகளில் இந்தப் பெருந்தன்மைக்கு இடமே இல்லை. படகோ சாமானோ எதையும் உள்ளே பதுக்கிவைத்துவிட்டு வரக் கூடாது.

விறகு மட்டும் விதிவிலக்கு என்பது என் கருத்து. கீழே விழுந்த காய்ந்த குச்சிகளைக் கொஞ்சம் அடுக்கி வைத்துவிட்டு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மிஞ்சுவது தூக்கிவருவது. சொல்வது எளிது. அங்கே ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் தூக்கி நடக்க வேண்டும். பவுண்டரி வாட்டர்ஸில் அந்தப் பாதைகளை ‘ராட்’ கணக்கில் அளப்பார்கள். ஒரு ராட் 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கனூ நீளம். 200 ராட் பாதை என்றால் ஒரு கிலோமீட்டர், அதுவும் சேறும் வேரும் கல்லுமாக. மடிப்பில் தண்ணீர் தேங்கிய தார்ப்பாயோடு அதை ஏறினால் விட்டுப்போனவர்மேல் கோபம் வரத்தான் செய்யும். அதனால் எல்லாவற்றையும் தூக்கு என்று நான் சொல்ல மாட்டேன். எது முதலில் என்று வரிசை வைத்துக்கொள்வதுதான் நடக்கக்கூடியது.

முதலில் தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும். எடை ஒன்றுமில்லை, கேடு அதிகம். லூன் என்ற நீர்ப்பறவை இரையை அரைக்க ஏரியடியில் கூழாங்கல் பொறுக்கி விழுங்கும். அதோடு ஒரு சின்ன ஈயக்குண்டு வயிற்றுக்குள் போனால் போதும், விஷமேறிச் செத்துவிடும். நரம்பில் காலோ அலகோ சிக்கினாலும் அதே முடிவு. அடுத்து உணவு வாசனை உள்ள எதுவும். அதற்கடுத்து தார்ப்பாய், கயிறு மாதிரி வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக். தார்ப்பாயை முதல் நாளே எடுத்து வெயிலில் விரித்துவிட்டால் கிளம்பும்போது பாதி எடைதான் இருக்கும். இரும்பு நாற்காலி கடைசியில் வரட்டும். அசிங்கமாக இருக்கும், ஆனால் அடுத்த வாரம் வரை யாரையும் கொல்லாது. இன்னொன்று: தூக்குவதற்கு இடம் வேண்டுமென்றால் திரும்பும் வழியில் செய்யுங்கள். சாப்பாட்டுப் பை காலியாகியிருக்கும்.

ஒருவரால் ஆகாத சாமானும் உண்டு: ஓட்டை விழுந்த அலுமினியக் கனூ, பெரிய கூடாரம், நனைந்த மெத்தை. அதற்கு ரேஞ்சரிடம், அதாவது காட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரிடம், சொல்வதுதான் வழி. “அந்த ஏரியில் ஒரு கனூ கிடக்கிறது” என்றால் அவர்களுக்குப் பாதி நாள் தேடலாகும். பவுண்டரி வாட்டர்ஸில் மட்டும் சுமார் 2,000 முகாமிடங்கள். ஏரியின் பெயர், வரைபடத்தில் முகாமிடம் இருக்கும் இடம், ஒரு படம், எத்தனை பேர் தூக்க வேண்டியிருக்கும் என்ற மதிப்பு, இவ்வளவும் கொடுத்தால் அடுத்த சுற்றில் ஆள் அனுப்புவார்கள்.

துருப்பிடித்த பழைய இரும்பைப் பார்த்ததும் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் காடுகளில் ஒரு காலத்தில் மரம் வெட்டுவோர் முகாம்கள் இருந்தன. சங்கிலி, அடுப்பு, ரம்பத் துண்டு இன்னும் கிடக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி நிலத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது 1979-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழசா புதுசா என்று சந்தேகம் வந்தால், படம் எடுத்துக்கொண்டு பொருளை அங்கேயே விட்டுவிட்டு வந்து, அதையும் ரேஞ்சரிடமே கேளுங்கள்.