ஐந்து வருஷம் ஓட்டிய பிறகு: வீட்டிலேயே பிரித்துக் கோத்த யெஸ்டி

2019 கடைசியில் பெரியப்பாவின் 1982 மாடல் யெஸ்டி கிளாசிக் மோட்டார் சைக்கிள், தோட்டத்துச் சாளையிலிருந்து கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு போர்டிகோவுக்கு வந்தது. பதினான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுக்கே போனது. ஓட ஆரம்பித்து ஐந்து வருஷம், 9,000 கிலோமீட்டர் ஆகிறது. பளபளவென்று முதல் வாரத்துப் படம் எல்லோரும் போடுகிறார்கள், அப்புறம் அந்த வண்டி என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இது.

அதிகம் செலவு செய்தது பெயிண்டுக்கும் குரோமுக்கும். முதலில் காலை வாரியதும் அவைதான். செம்பு, நிக்கல், அதுக்கு மேலே குரோம் என்று பேசித்தான் சைலன்சர் இரண்டையும் கொடுத்தேன். இரண்டாவது ஐப்பசி மழைக்கே புள்ளி புள்ளியாகத் துரு. செம்பு பூசவே இல்லை என்பது என் சந்தேகம். ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் நன்றாகவே நிற்கிறது, ஆனால் எர்த் ஒயர் உட்காரும் இடத்திலும் சேர்த்துப் பூசிவிட்டார்கள், கரண்ட் சரியாகப் போகவில்லை. ஹெட்லைட் விட்டு விட்டு எரிய, டைனமோவைத்தான் திட்டிக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் போல்ட்டுக்கு அடியில் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, முடிந்தது.

என்னை உண்மையிலேயே அழ வைத்தது கிராங்க் ஆயில் சீல், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் தண்டின் இரண்டு பக்கமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். எஞ்சின் கோக்கும்போது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பழைய சீலையே போட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் வெள்ளைப் புகை, தெருவே தெரியாத அளவுக்கு. பிஸ்டன் ரிங் போச்சு, சிலிண்டரைக் கடைந்து மறுபடி போர் போட வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த வயதான மெக்கானிக் மட்டும் வண்டியைத் தொடாமலே கேட்டார்: "கண்ணு, கியர் ஆயிலை அளந்து பார்த்தியா?" அளந்தால் பாதிக்குமேல் காணோம். கிளட்ச் பக்கத்து சீல் இறுகிப்போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும், அதுதான் புகை. டைனமோ பக்கத்து சீல் போனால் கதை வேறு: காற்றை இழுக்கும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கி சீஸ். சில நூறு ரூபாய் சீலுக்குக் கஞ்சத்தனம் பார்த்து கிளட்ச் முழுவதையும் மறுபடி கழற்றினேன்.

ஸ்பேர்ஸ் விஷயம். யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-இல் மூடியாச்சு. 2018-இல் திரும்ப வந்த ஜாவா, 2022-இல் வந்த யெஸ்டி எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக், நம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு நட்டுகூட உதவாது. கடையில் கிடைப்பதில் பாதி டூப்ளிகேட். பிளக்கில் பொறி வர கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட் செட், புதிது ஒன்று 600 கிலோமீட்டரில் தேய்ந்து, 0.4 மில்லிமீட்டர் வைத்த இடைவெளி கிட்டத்தட்ட மூடியே போனது. பழைய ஒரிஜினலைத் தேய்த்துப் போட்டேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. இது தெரிவதற்குள் நான் கழற்றி வைத்த ஒரு பெட்டி சாமான் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது (பெரியம்மாவின் நல்லெண்ணம்).

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். ரப்பர் டியூப் இறுகி வெடித்தது, பெட்ரோல் டேப் வாஷர் ஊதிப்போனது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் துரு வரும். ஒரு மாதம் ஓட்ட மாட்டேன் என்றால் முழுக்க வடித்துவிடுகிறேன். பெட்ரோலோடு லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன், பாட்டில் எப்போதும் டூல் பாக்ஸில்.

ஆர்.சி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. சட்டப்படி 'விண்டேஜ்' என்றால் 50 வயது ஆகியிருக்க வேண்டும், என் வண்டிக்கு 2032 வரை அந்த யோகம் இல்லை. இருந்தாலும் வேண்டாம், அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது.

ஓட்டும் சுகம்? கியர் லீவரையே உள்ளே அழுத்தித் தூக்கித் திருப்பினால் கிக்கர், கிளட்ச் பிடிக்காமலே கியர் விழும். புதிதாக ஓட்டிப் பார்க்கும் நண்பர்கள் கிக்கரைத் தேடி வண்டியைச் சுற்றி வருவதை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

இப்போது கிக் அடித்தால் வழுக்குகிறது, உள்ளே பல் தேய்ந்திருக்கும். அடுத்த மாதம் பிரிக்கிறேன். யாரிடமாவது பழைய ஒரிஜினல் கிக்கர் பல் இருந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.