அப்பாயியை எங்கே வைத்துப் பார்ப்பது? லயம், கொழும்பு வீடு, கண்டி இல்லம்

இலங்கை மலையகத்தில் இப்போது நிறைய வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் கொழும்பில் கடையிலோ கார்மெண்டிலோ இருக்கிறார்கள், சிலர் வெளிநாட்டில். தோட்டத்தில் மிஞ்சியிருப்பது, கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்த அம்மா மட்டும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் எங்கள் அப்பாயிக்கும் இதே நிலைமைதான். தாத்தா போன பிறகு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். சீனி வருத்தம் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. புத்தி மட்டும் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவு.

எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள். லயத்திலேயே ஆள் வைத்துப் பார்ப்பது, கொழும்பில் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப் போவது, கண்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. மூன்றையும் விசாரித்துப் பார்த்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மாதக் கட்டணம், கட்டில், பூந்தோட்டம் எல்லாம் அப்புறம்தான். நடு ராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை என்றால், தமிழில் சொல்லிக் கேட்க அங்கே ஆள் இருக்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது அது.

அந்த வகையில் லயத்துக்கு ஈடு எதுவும் இல்லை. பக்கத்துக் காம்பராவுக்கும், அதாவது அடுத்த வீட்டுக்கும், நமக்கும் நடுவில் ஒரே சுவர். இருமினால் கேட்கும். காலையில் அடுப்புப் புகை வரவில்லையென்றால் "என்னா ஆயா, இன்னும் எழும்பலையா?" என்று யாராவது வாசல் இஸ்தோப்பில் வந்து நிற்பார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், கேத வீடு எதிலும் அப்பாயி இல்லாமல் இருந்ததில்லை.

ஆனால் இந்தத் துணை காலையிலும் மாலையிலும்தான். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனவர்கள் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்வரை லயமே வெறிச்சோடிக் கிடக்கும். கக்கூஸ் பத்துப் படிக்குக் கீழே. பனி இறங்கிய கல்லில், ஒரு கையில் டோர்ச்சும் ஒரு கையில் வாளியுமாக அவர் இறங்குவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அது தார் ரோட்டில்தான் நிற்கும். அங்கே போய்ச் சேர, நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்க வேண்டும். பகலில் அந்த நாலு பேர் எங்கே? மழைக்காலம் வந்தால் மண்சரிவுப் பயம் வேறு. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை.

கொழும்பு வீடுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. பெற்றவளைப் பிள்ளை பார்ப்பதுதானே முறை என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், குளிர் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு நானும் இதைத்தான் சொல்வேன். நடமாடுகிறவருக்கு மூன்றிலும் மோசமானது இதுதான் என்பது என் எண்ணம். சித்தப்பா வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. காலை ஏழு மணிக்கு வீட்டிலுள்ள எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள், பாதுகாப்புக்கு என்று கிரில் கதவைப் பூட்டுகிறார்கள். அப்புறம் மாலைவரை டீவிதான் துணை. வாழ்நாளெல்லாம் மலையேறி இறங்கிய ஒருவரை ஒரு சோபாவில் உட்காரவைப்பது பராமரிப்பு ஆகாது. இன்னொன்று: பாரம் முழுக்கச் சித்தியின் தலையில் விழும். அவரும் வேலைக்குப் போய்வருகிறவர்தான். இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

சரி, இல்லம். இதிலேயே இரண்டு வகை உண்டு. தேவாலயங்களும் தர்ம அமைப்புகளும் நடத்துபவற்றில் கட்டணம் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. பெரும்பாலும் பொது மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள், இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். தனியார் நடத்துவதில் தனி அறை, தாதி, நேரத்துக்குச் சாப்பாடு, அதற்கு முற்பணமும் மாதக் கட்டணமும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி சுமார் 500 மீற்றர்தான், அதனால் மூட்டுவலிக்காரருக்கும் இழுப்பு உள்ளவருக்கும் கண்டிக் குளிர் தாங்கும். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் கிட்ட.

நாங்கள் பார்த்த ஓர் இல்லம் சுத்தத்தில் குறை சொல்ல முடியாதது. அங்கே எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். "காலு மரத்துப் போச்சு, செருப்பு கழண்டதே தெரியல" என்று பாதத்தைத் தொட்டுக் காட்டினார். பணிப்பெண் நல்ல பிள்ளை, முகம் கோணாமல் ஓடி வந்து, "கக்குல ரிதெனவாத அம்மே?" (கால் வலிக்கிறதா அம்மா?) என்று சிங்களத்தில் கேட்டு சித்தாலேப தைலம் தேய்த்துவிட்டாள். வலி என்றுதான் அவளுக்குப் புரிந்தது. சீனி வருத்தக்காரருக்குக் கால் மரப்பது வேறு விஷயம். அடிபட்டாலும் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது, கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்கும்படி ஆகும். இதைப் பார்த்த பிறகு அந்த இடத்தின் பூந்தோட்டம் என் கண்ணில் படவில்லை.

ஆகவே இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பகலில் மனேஜரிடம் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். இருட்டிய பிறகு ஒரு தடவை போய், ராத்திரி வேலைக்கு இருப்பவரிடம் தமிழில் பேசிப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இடையில் வெளியே வந்தாலோ, காலமானாலோ முற்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார் என்பதையும் பேசி வையுங்கள். இல்லத்தில் சேர்த்ததோடு பிள்ளைகளின் கடமை முடிவதில்லை. பிள்ளைகள் கைவிட்டால், பராமரிப்புச் சபையில் முறையிட்டு வாழ்க்கைச் செலவைக் கேட்க அதே சட்டம் பெற்றவர்களுக்கு வழி வைத்திருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈபிஎஃப், ஈடிஎஃப் என்ற சேமலாப நிதிகள், சேவைக்காலப் பணம் எல்லாம் அப்பாயி குனிந்து நிமிர்ந்து சம்பாதித்தவை. முற்பணம் கட்டுவதற்காக அதை மொத்தமாக எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. முற்பணத்தைப் பிள்ளைகள் கட்டட்டும். அவருடைய வங்கிப் புத்தகம் அவர் கையிலேயே இருக்கட்டும்.

அப்பாயிக்கு இரண்டு தெரிவுகள்தான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. தமிழ் பேசும் ஆட்கள் ராத்திரியிலும் இருக்கிற இல்லம் கிடைத்தால், இல்லம். கிடைக்காவிட்டால் லயத்திலேயே இருக்கட்டும். ஆனால் கக்கூஸைக் காம்பராவை ஒட்டிக் கட்ட தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், பென்ஷன் வயதைத் தாண்டிய பக்கத்து லயத்து அக்கா ஒருவருக்குச் சம்பளம் பேசிப் பகலில் கூட இருக்கச் சொல்ல வேண்டும்.

இல்லத்தைப் பற்றி அப்பாயியிடம் கேட்டோம். "ஒரு மாசம் இருந்து பாக்குறேன்யா, பிடிக்கலைன்னா வந்துருவேன். காம்பராவ யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றார். அதன்படியே ஏற்பாடு. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், பூட்டிக் கிடந்தால் வேறு யாருக்காவது போய்விடலாம். அதனால் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்யும் மாமா மகன் அங்கே வந்து தங்குகிறான். இல்லத்தோடும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான் பேசியிருக்கிறோம், முற்பணம் இன்னும் கட்டவில்லை.