பிளேக்கின் புலி: அச்சுப் பக்கமா, படப் பக்கமா?

கல்லூரியில் ஆங்கில ரொமான்டிக் காலக் கவிதை (காதல் கவிதை அல்ல, கற்பனையையும் உணர்ச்சியையும் முன்னிறுத்திய ஓர் இலக்கிய இயக்கம்) படிக்கிறவர்கள் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் ‘தி டைகர்’ (புலி) கவிதையைத் தாண்டிப் போக முடியாது. அதைப் பாடப்புத்தகத்தில் வெறும் எழுத்தாகப் படிக்கலாம். 1794-இல் பிளேக்கே உருவாக்கிய படப் பக்கமாகவும் பார்க்கலாம்.

அச்சில் படித்தால் கவனம் முழுக்க ஓசைக்குப் போகும். நாலு நாலு வரியாக ஆறு பத்தி, கேள்விக்கு மேல் கேள்வி. சுத்தியல், சங்கிலி, உலை எல்லாம் தாளத்திலேயே கேட்கும். இந்தப் புலியை உருவாக்க எந்தக் கையால் ‘முடியும்’ (could) என்று முதல் பத்தியில் வருவது, கடைசிப் பத்தியில் எந்தக் கை ‘துணியும்’ (dare) என்று மாறுவதும் சட்டெனப் பிடிபடும்.

படப் பக்கம் அப்படி இல்லை. பிளேக் தொழில்முறைச் செதுக்குக் கலைஞர். செப்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் சேர்த்தே வரைந்து, அமிலத்தில் அரித்து, அச்செடுத்துக் கையால் வண்ணம் தீட்டினார். மனைவி கேத்தரினும் கூட உழைத்தார். அதனால் பிரதிக்குப் பிரதி நிறம் மாறும். பக்கத்தின் அடியில், மரத்தையொட்டி நிற்கும் புலியைப் பாருங்கள். பயமே வராது, சில பிரதிகளில் லேசாகச் சிரிப்பது போலக்கூட இருக்கும். வரிகளில் எரியும் கண்கள், கீழே இப்படி ஒரு சாதுவான விலங்கு! ஏன் என்று கேட்டால் போதும், வகுப்பே விவாதத்தில் இறங்கிவிடும்.

எனக்குப் படப் பக்கம்தான் உயிர். ஆனால் முதலில் அச்சில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் படத்தைத் திறங்கள். முதலிலேயே படத்தைப் பார்த்துவிட்டால், அந்தச் சாதுப் புலி மனதை விட்டுப் போகாது.